நெற்றி ஒட்டும் இடம்

பதிவு 1. நிலையக் கடிகாரம்: காலை 7:10

இடம்: கவசப் பட்டறை, தென்முனைப் பள்ளத்தின் மேற்கு விளிம்பு, நிலவு. பதிவு செய்பவர்: வேதநாயகி, தலைக்கவசப் பரிசோதகர்.

காற்றழுத்தம் சரி. காற்று சுத்திகரிப்பான் சரி. வெளிக்கதவு சரி. தேநீர் சரியில்லை. அதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை.

இது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தின் அடியில் ஆட்கள் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். அவர்கள் தங்கும் நிலையம் கிழக்குப் பக்கம். நான் மேற்குப் பக்கம், தனியாக. தலைக்கவசங்களை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும்போது சிலது வெடிக்கும். வெடித்தால் அங்கேயே வெடித்துத் தொலையட்டும் என்று என்னை இங்கே வைத்திருக்கிறது கம்பெனி. புதுக் கவசங்களும் இங்கேதான் அடுக்கியிருக்கின்றன. நடுவே திறந்த வண்டியில் நாலு மணி நேர ஓட்டம்.

நேற்று சிலுவை அந்தோணி வண்டியில் வந்து ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். மணப்பாட்டுக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வந்தால் வாய் ஓயாது. நான் வந்தவாசி. அவன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே முழுத் தமிழ்நாடும் படுத்துக் கிடக்கிறது. இருந்தாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவான். நேற்று மட்டும் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

பெட்டியில் இருப்பது கோமதியின் தலைக்கவசம். பள்ளத்தின் அடியில் துளைபோடும் பெண். போன வாரம் வேலை நடுவில் கவசம் உடைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூடவே நிலையத் தலைவர் குணாளனின் உத்தரவு: "கல் தெறித்து உடைந்தது என்பதை உறுதிசெய்து நாளைக்குள் அனுப்பவும்." ஆராயவும் என்று எழுதவில்லை. உறுதிசெய்யவும் என்று எழுதியிருக்கிறார். பேஷ்.

பதிவு 2. காலை 9:40

கல் படவில்லை.

கல் பட்டால் வெளிப்பக்கம் ஒரு புள்ளி இருக்கும், அதிலிருந்து விரிசல் ஓடும். இந்தக் குமிழின் வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்லை. (குமிழ் என்பது கவசத்தின் கண்ணாடி போன்ற பாகம். கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்.) விரிசல் உள்ளேயிருந்து கிளம்பியிருக்கிறது. மயிரிழை மயிரிழையாக ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. குனிந்து துளைபோடும்போது நெற்றி ஒட்டும் இடம்.

பெட்டியின் மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. நீலகிரித் தைலம்.

மூடியைத் திரும்ப மூடி வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது.

எப்படி என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும். கவசத்துக்குள் ஒரு சின்ன விசிறி உண்டு, விட்ட மூச்சை வெளியே தள்ள. மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்று கம்பெனி அந்த விசிறியைப் பாதி வேகத்துக்குக் குறைத்தது. விட்ட மூச்சு உள்ளேயே நின்றது. எல்லோருக்கும் மண்டை பிளந்தது. தலைவலி என்று மருத்துவரிடம் போனால் அன்றைக்கு வேலை இல்லை. இரண்டு முறை போனால் உடல் தகுதி போதாது என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரும் போவதில்லை. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சளியா, தலைவலியா, பஸ்ஸில் குமட்டலா, கல்யாண வீட்டு அலைச்சலா, எல்லாவற்றுக்கும் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். ஆளுக்கொரு தைலப் புட்டி. ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு நெற்றியில் இரண்டு சொட்டு தேய்த்துக்கொண்டு கவசத்தை மாட்டுகிறார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? என் படுக்கைக்கு அடியிலும் ஒரு புட்டி இருக்கிறது.

பாலிகார்பனேட் சுத்தியல் அடியைத் தாங்கும். ஆனால் உள்ளே காற்று அழுத்திக்கொண்டிருக்கும்போது இந்த மாதிரி எண்ணெய் பட்டால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போகும். இப்படித்தான் என்று நினைக்கிறேன். நினைப்பு போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

பதிவு 3. முற்பகல் 11:20

புதுக் குமிழ் ஒன்றில் நெற்றி ஒட்டும் இடத்தில் என் தைலத்தைத் தேய்த்தேன். சோதனைப் பெட்டிக்குள் வைத்து அழுத்தம் ஏற்றினேன். காத்திருக்கிறேன். முதல் அறிக்கையைக் குணாளனுக்கு அனுப்பியாயிற்று.

காத்திருக்கும் நேரத்தில் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். இருபது வருடமாக எனக்குத் தலைக்கவசம்தான் பிழைப்பு. தலையைக் காப்பாற்றுவதற்கு என்று சொல்லி மனிதர்கள் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ராஜாவுக்கு வெண்கலத்தில் கொம்பு வைத்த கவசம், அவருக்காகச் சாகப் போகிறவனுக்குத் தலையில் முண்டாசு. வெள்ளைக்காரத் துரைக்கு வெயில் படாமல் நெட்டியில் தொப்பி, அவர் போட்ட ரோட்டில் கல் உடைத்தவளுக்குத் தலையில் சும்மாடு. முதல் உலகப் போரில் இரும்புத் தொப்பி கொடுத்தார்கள். கொடுத்த பிறகு தலைக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள் என்று சொல்வதுண்டு. தொப்பியால் காயம் வருகிறது என்று யாராவது ஒரு அறிவாளி அறிக்கை எழுதியிருப்பான். முன்பு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை ஐயா, நேரே குழிக்குப் போனார்கள்!

கட்டட வேலைக்குப் போனால் என்ஜினியருக்கு வெள்ளைக் கவசம், கூலிக்கு மஞ்சள். மஞ்சளில் பாதி வெறும் பிளாஸ்டிக் கிண்ணம், சாம்பார் ஊற்றலாம். பைக் ஓட்டுகிறவன் கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவான், போலீஸ் தென்பட்டால் தலைக்கு ஏறும். நல்ல கவசத்துக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு ஒரே ஒரு அடி வாங்கத்தான் இருக்கிறது. அடியைத் தான் வாங்கிக்கொண்டு நசுங்கிச் சாகும். அதற்குப் பிறகு அதைத் தூக்கிப் போட வேண்டும். யாரும் போடுவதில்லை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஓட்டின் மேல் கண்ட பெயிண்டையும் ஒட்டுத்தாளையும் பூசாதே, பிளாஸ்டிக் கெடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதன் மேலேயே ஒட்டுவா

பதிவு 4. முற்பகல் 11:58

வெடித்தது. நான் நினைத்ததற்கு ரொம்ப முன்னாலேயே.

சோதனைப் பெட்டியின் மூடியைப் பெயர்த்துக்கொண்டு ஒரு சில்லு சுத்திகரிப்பானுக்குள் போய்விட்டது. குழாய் அறுந்தது, உள்ளே காற்றைச் சுத்தம் செய்யும் தட்டும் இரண்டாகப் போயிற்று. இடது கை கிழிந்திருக்கிறது, கட்டுப் போட்டுவிட்டேன். பட்டறைக் காற்று மாலை வரை தாங்கும். என் உடையின் காற்றுக் குடுவையில் கொஞ்ச தூரம் நடக்கலாம், அவ்வளவுதான். நிலையம் வரை நடக்க முடியாது.

சோதனை வெற்றி. என் வாயில் சர்க்கரை போடுங்கள்.

நிலையத்துக்குத் தகவல் கொடுத்தேன். பதில்: "கவலப்படாதீங்க மேடம், உடனே வண்டி அனுப்புறோம். சிலுவை கெளம்புறான்."

சிலுவை.

நிலையத்திலேயே அதிகமாகத் தைலம் தேய்க்கிறவன் அவன்தான். அவன் வந்துபோனால் என் பட்டறை பிரசவ வீடு மாதிரி மணக்கும். அவன் கவசமும் கோமதியின் கவசமும் ஒரே நாளில் கொடுத்தவை.

பதிவு 5. பகல் 12:25

நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

நான்: "குணாளன் சார், அவனத் திருப்பிக் கூப்பிடுங்க. அவன் குமிழ் தாங்காது. அறிக்கையப் படிச்சீங்களா இல்லையா?"

குணாளன்: "படிச்சேன் மேடம். அது இன்னும் உறுதியாகாத விஷயம்."

"இப்பதான் என் மூஞ்சிக்கு எதிர்ல உறுதியாச்சு! சரி, திருப்ப வேணாம். உடையோட அழுத்தத்தயாவது கொறைக்கச் சொல்லுங்க. குமிழ் மேல பாரம் கொறையும். மெதுவா வரட்டும்."

"எதுக்குன்னு கேப்பான்ல? இது எல்லாரும் கேக்குற லைன். கவசம் சரியில்லன்னு ஒரு வார்த்த விழுந்துச்சுன்னா அத்தன பேரும் கழட்டி வச்சிட்டு உக்காந்துருவாங்க. இந்த மாசத்துத் தண்ணிக் கணக்க யாரு குடுக்குறது?"

"நானே அவன்கிட்ட பேசறேன், லைனக் குடுங்க."

"நீங்க இப்ப பதட்டத்துல இருக்கீங்க மேடம். ரெஸ்ட் எடுங்க."

என் பேச்சை மூடிவிட்டார். பொது லைனில் மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசினால் யாருக்கும் கேட்காது. பள்ளத்தின் நடுவே ஒரு முகடு இருக்கிறது. அங்கே ஏறினால்தான் என் பட்டறைக் கம்பம் வண்டிக்கு நேராகத் தெரியும், நிலையத்தின் தயவு இல்லாமல் பேசலாம். அவன் அங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் குமிழ் அதுவரை இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அட பாவி மனுஷா. படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறான்.

பதிவு 6. பகல் 1:30

சிலுவை வழிநெடுக என்னோடு பேசிக்கொண்டே வருகிறான். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து.

"யக்கா, பயப்படாத, நான் வாரேன். ரோடா இது, எங்கூரு தேரிக்காடு மாரி ஒரே மணலா இருக்கு. ரெண்டு மணிக்கூறா மண்ட வலிக்கி. கெளம்பும்போதே ரெண்டு சொட்டு கூடப் போட்டுட்டுத்தான் வந்தேன். கேக்கியா? ஏன் பேச மாட்டுக்க? கோவமா?"

மைக்கில் கத்தினேன். கத்தினால் கேட்காது என்று தெரிந்தே கத்தினேன். காற்றுதான் வீணாயிற்று.

அவனைத் திருப்ப ஒரே வழிதான் இருக்கிறது. காப்பாற்ற ஆள் இருந்தால்தானே காப்பாற்ற வருவான்? நெஞ்சில் ஒரு பட்டை கட்டியிருக்கிறேன், நாடித்துடிப்பை நிலையத்துக்கு அனுப்பும். அதைக் கழற்றினால் அவர்கள் திரையில் நான் செத்துப்போவேன். அவன் பாதியைத் தாண்டவில்லை. இப்போது திரும்பினால் வந்த தூரம்தான்.

எனக்கும் உயிர் வெல்லக்கட்டிதான். பெரிய தியாகி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஆனால் அவன் என்னைக் கூட்டிப்போக வந்து வழியில் சாவதைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

1:41. கழற்றிவிட்டேன்.

பதிவு 7. பகல் 1:55

குணாளன்: "சிலுவை, வண்டிய நிறுத்து. மேடம் போயிட்டாங்க. பட்டையில துடிப்பே வரல. நீ திரும்பி வந்துரு."

வண்டியின் இரைச்சல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது, உயிரோடு இருந்துகொண்டு என் சாவுக்கு நானே அழுதேன். திரும்பிவிடுவான், போதும் என்று நினைத்தேன்.

சிலுவை: "சார். ஒடம்பு அங்கனதான கெடக்கு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா? எங்கூர்ல கடலுக்குப் போனவன் திரும்பலன்னா ஒருத்தனும் தொழிலுக்குப் போவ மாட்டான் சார். ஊரே தேடும். ஒடம்பு கெடைக்காம படகு கரைக்கு வராது. யக்காவ ஒத்தையில போட்டுட்டு வந்து நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு சோறு திங்க?"

"இது உத்தரவு சிலுவை!"

"உத்தரவ நீரே வச்சிக்கிடும்."

வண்டியின் சத்தம் மறுபடி கிளம்பியது. முன்னைவிட வேகமாக.

இதை நான் யோசிக்கவே இல்லை. உயிர் இல்லையென்றால் ஆள் திரும்பிவிடும் என்று வந்தவாசிக்காரி கணக்குப் போட்டேன். பட்டையைத் திரும்பக் கட்டினேன். பயனில்லை. இறந்தவரின் லைன் விசாரணைக்காகத் தானாகவே மூடிக்கொள்கிறது, திறக்க பூமியிலிருந்து கையெழுத்து வர வேண்டும் என்று திரை சொல்கிறது. நெஞ்சில் அடித்துக்கொள்வது போல இதயம் அடிக்கிறது, அது ஒருவருக்கும் தெரியவில்லை. போங்கடா, நீங்களும் உங்கள் கையெழுத்தும்.

முகட்டுக்கு வரட்டும். முகடு வரை மட்டும் அந்தக் குமிழ் தாங்கட்டும். எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டாயிற்று, இப்போது அவன் மாதாவையும் கூப்பிடுகிறேன்.

பதிவு 8. பகல் 2:48

முகட்டில் விளக்கு தெரிந்தது. நேர் லைன் கிடைத்தது.

நான்: "சிலுவை! டேய் சிலுவை! கேக்குதா?"

"ஏசுவே..."

"ஏசு இல்லடா, நான்தான். வண்டிய நிறுத்து. இடுப்புல இருக்கற அழுத்தத் திருகு, அத மெதுவா கொறை."

"யக்கா? நீ செத்துட்டன்னு..."

"செத்தா பேசக் கூடாதா? திருகுடா முட்டாப்பயலே, உன் குமிழ் உடையப் போவுது!"

சிரித்தான். ஐயோ, அந்த நேரத்தில் சிரித்தான். "அந்த வாயி யக்காதான்! சார், யக்கா உசிரோட இருக்கு! கேக்கீரா? உசிரோட இருக்கு! யக்கா, நீ சொன்னாப்புல கொறைக்கேன், பொறு... நெத்திக்கு நேரா என்னமோ கோடு கோடா..."

பெரிய சத்தம் இல்லை. சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

வண்டி விளக்கு அங்கேயே எரிகிறது. அசையவில்லை.

பதிவு 9. மாலை 4:05. குரல் பதிவு

பட்டறைக் காற்று போதவில்லை, கிளம்பிவிட்டேன். புதுக் கவசம், புதுக் குமிழ். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். இன்னும் நான்கு புதுக் கவசங்களைக் கட்டித் தோளில் போட்டிருக்கிறேன். வண்டி சுற்றிப் போகிற பாதையை விட்டு முகட்டுக்குக் குறுக்கே ஏறுகிறேன், அப்படியும் தூரமாகத்தான் இருக்கிறது. மூச்சை எண்ணிக்கொண்டு நடக்கிறேன்.

வண்டிக்கு வந்துவிட்டேன். இருக்கையில் உட்கார்ந்தபடியே இருக்கிறான். திருகின் மேல் கை. பாதி திருகியிருக்கிறான்.

அவன் முகத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அவன் மனைவி இதைக் கேட்கலாம்.

வண்டியில் மாற்றுக் காற்றுக் குடுவை இருக்கிறது. எனக்காக எடுத்துவந்தது. பிணத்தை எடுக்கத்தான் போகிறோம் என்று தெரிந்த பிறகும் அதை அவன் இறக்கிப் போடவில்லை. மாட்டிக்கொண்டேன். நான் பிழைத்துவிடுவேன். என்ன பிழைப்பு இது, சிலுவை.

அவனைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றி வாரைப் போட்டுக் கட்டினேன். அவன் உடைந்த குமிழை மடியில் வைத்திருக்கிறேன்.

பதிவு 10. மாலை 4:50. குரல் பதிவு

வண்டியைத் திருப்பியதும் ஞாபகம் வந்தது. அவர்கள் அடைத்தது என் வாயை மட்டும்தான். சிலுவையின் ரேடியோ திறந்தே இருக்கிறது. நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கும்.

குணாளன்: "சிலுவை, பதில் சொல்லு. சிலுவை."

நான்: "சிலுவை இல்ல. நான் வேதநாயகி. செத்துப்போனவ. குமிழ் ஒடஞ்சு அவன் போயிட்டான். கோமதி போன மாதிரியேதான். பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டு வரேன்."

குணாளன்: "மேடம்... லைன்ல எதுவும் பேசாதீங்க. உங்க அறிக்கைய நாங்க ஒண்ணும் அலட்சியம் பண்ணல. மத்தியானமே எல்லா ரூம்லயும் சோதன போட்டு, தைலப் புட்டி அத்தனையும் பிடுங்கியாச்சு. கவசத்தெல்லாம் சோப்பு போட்டு நல்லாக் கழுவித்தான் திருப்பிக் குடுத்தோம். இனிமே பிரச்சன இல்ல."

நான்: "கழுவினா விரிசல் போவுமாய்யா? குடுத்தோம்னா, யாருக்குக் குடுத்த?"

அவர் சொல்லத் தேவையில்லை. முகட்டிலிருந்து பள்ளத்தின் அடி தெரிகிறது. சாயங்கால ஷிஃப்ட் இறங்கிக்கொண்டிருக்கிறது. தலைவிளக்குகள் வரிசையாகப் போகின்றன.

நான்: "எல்லாரும் கேளுங்க. நான் பட்டறை வேதநாயகி. அப்படியே நில்லுங்க, யாரும் குனியாதீங்க. இடுப்புத் திருகு, மெதுவா கொறைங்க. நெத்திக்கு நேரா கோடு தெரியுதான்னு பாருங்க. காரணம் அப்புறம் சொல்றேன். புதுக் கவசம் கொண்டு வரேன். கேக்குதா? கேக்குதா யாருக்காவது?"

ரேடியோவில் ஓசை இல்லை. லைனை வெட்டிவிட்டார்களா என்று தெரியவில்லை. வெட்டுவதற்கு முன்னால் எத்தனை வார்த்தை போய்ச் சேர்ந்தது என்றும் தெரியவில்லை.

வரிசையில் ஒரு விளக்கு நின்றிருக்கிறது. என் பேச்சைக் கேட்டுத்தான் நின்றதா, வேறு எதற்காவது நின்றதா, இங்கிருந்து சொல்ல முடியவில்லை. மற்றவை போய்க்கொண்டே இருக்கின்றன.

இன்னொன்றும் நின்றுவிட்டது. வண்டியை அவர்கள் பக்கம் இறக்குகிறேன்.